கோலா மூடா கடலில் விழுந்த லூர்து: பீடோங்கிலிருந்து ஜித்ரா வரை அம்மாவோடு இரண்டு நாள்

நானும் அம்மாவும் கோத்தா கோலா மூடாவுக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் அக்டோபர் மாதம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் அது மழைக்காலம். பயணம் போக அதைவிட மோசமான மாதம் கிடையாது என்று இதே தளத்தில் நானே பலமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பயணத்துக்கு நாங்கள் மாதம் பார்க்கவில்லை. என் தம்பி லூர்து அந்தக் கடலில் விழுந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. பீடோங்கை ஒட்டி நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து அந்தக் கரை முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆறு வருடமும் அம்மா அந்தப் பக்கம் போகவில்லை.

லூர்து விமானப்படையில் இருந்தான். விமானி இல்லை. ஹெலிகாப்டரின் பின்பக்கம் நின்று, கதவைத் திறந்து, கயிற்றை இறக்கிக் கீழே இருக்கிறவரைத் தூக்குகிற வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கண்ணிவெடியில் அடிபட்ட சிப்பாய்களைக் காட்டுக்குள்ளிருந்து தூக்கிவர ஆள் தேவைப்பட்டது. தோட்டத்துக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சனமெல்லாம் வெளியே வந்து, "லூர்து போறான் பாரு" என்பார்கள். உள்ளே யார் இருந்தாலும் அது லூர்துதான்.

ஒரு மாலை, கடலுக்கு மேலே கயிறு இறக்கும் பயிற்சியில் அவன் போன ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தது. உள்ளே நான்கு பேர். விமானிகள் இருவரின் உடல்களும் ஹெலிகாப்டருக்குள்ளேயே கிடைத்தன. ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். லூர்து மட்டும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த அதிகாரி, "ஒரே நொடிதான், வலி தெரிந்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிழைத்தவரைப் பற்றி அம்மா கேட்டபோது அப்பாதான் பதில் சொன்னார்: "அந்தப் பையனுக்குத் தலையில அடி. ஒண்ணும் ஞாபகம் இல்லயாம்."

நாங்கள் கத்தோலிக்கர்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று கல்லறையில் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அம்மா லூர்துவின் பெயரைக் கொடுக்கவே இல்லை. "பொட்டி இல்ல, குழி இல்ல. எதுக்குப் பேரு?" என்பாள். அப்பா மட்டும் தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவரும் பெயரைக் கொடுத்ததில்லை.

அந்த வருடம் புதிதாக வந்த பாதிரியார், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் லூர்துவுக்கு ஒரு சிலுவையாவது நடலாம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா, "கடலப் பாத்துட்டு வந்து சொல்றேன், ஃபாதர்" என்றாள்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அங்க போயி என்ன பாக்கப் போற? தண்ணிதான் இருக்கு" என்று சத்தம் போட்டார். அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. துக்கத்தில் கத்துகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் வரமாட்டேன் என்றார். நான் அப்போது சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து அம்மாவை அழைத்துப் போனேன்.

பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் பத்து கிலோமீட்டர். காலை ஏழு மணிப் பேருந்து, டிக்கெட் அறுபது காசு. அம்மா கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். பேருந்து நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஓட்டுநர் எங்கள் தோட்டத்து ஆள்தான். கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துவிட்டு, "எங்கக்கா இவ்ளோ காலையில? கல்யாணமா?" என்று கேட்டார். அம்மா, "இல்ல தம்பி, சும்மா" என்றாள்.

சுங்கை பட்டாணியில் கோத்தா கோலா மூடா பேருந்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஒரு வெள்ளி பத்துக் காசு; ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். முதலில் ரப்பர் தோட்டங்கள், பிறகு கம்பங்கள் என்கிற மலாய்க் கிராமங்கள், தென்னை, சேறும் நீருமாக வயல்கள். வழியெல்லாம் தூறல். பேருந்தின் சன்னல் சரியாக மூடவில்லை. அம்மாவின் ஒரு பக்கத் தோள் நனைந்துவிட்டது. இடம் மாறிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கோத்தா கோலா மூடா, மூடா ஆறு கடலில் கலக்கிற இடம். பெரிய ஊர் இல்லை. பேருந்து நிற்கிற இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மீன் சந்தை. அங்கே மீன் ஏலம் சத்தமில்லாமல் நடக்கும்: வாங்குகிறவர் விலையை விற்கிறவரின் காதில் கிசுகிசுப்பார், அடுத்தவருக்குக் கேட்காது. இன்றைக்கு அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். நாங்கள் போனபோது படகுகள் வந்திருந்தன. அவ்வளவு கூட்டமிருந்தும் ஒரு சாவு வீட்டுக்குள் நுழைந்ததுபோல எனக்கு இருந்தது. ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்கு வெளியே வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரரிடம் அம்மா நேராகப் போனாள். அம்மாவுக்குத் தெரிந்தது சந்தை மலாய்தான். அதிலேயே கேட்டாள்: ஹெலிகாப்டர் ஒன்று விழுந்ததே, அது எந்தப் பக்கம்?

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் யார் என்றார்.

"அனாக் சாயா" என்றாள் அம்மா. என் பிள்ளை என்று அர்த்தம்.

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பெயர் பாக் டின். எங்களைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போய் வடமேற்கே கையைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் கடலும் அதே நிறத்தில் வானமும். இரண்டும் எங்கே பிரிகின்றன என்றுகூடத் தெரியவில்லை. வலது பக்கம் ஜெராய் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

பாக் டின் சொன்னதை அம்மாவுக்குப் புரியாத இடங்களில் நான் தமிழில் சொன்னேன். அன்று மாலை ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், பயிற்சி என்று யாரும் கவனிக்கவில்லையாம். திடீரென்று சத்தம் நின்றதும்தான் கரையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். இருட்டில் படகுகள் போயின. நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இவர்கள் நேர்மேற்கே தேடியிருக்கிறார்கள். விடிந்த பிறகு பாக் டின்னின் படகுதான் அந்த ஒருவனைக் கண்டது.

"படகில் ஏற்றியதிலிருந்து அவன் வாயை மூடவில்லை" என்றார் பாக் டின். "இன்னொருத்தன் இருக்கான், திரும்பு, திரும்பு என்று. திரும்பவும் தண்ணீரில் குதிக்கப் பார்த்தான். மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டோம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "தலையில அடி இல்லயான்னு கேளு."

கேட்டேன். தோள்தான் உடைந்திருந்தது, தலைக்கு ஒன்றும் இல்லை என்றார் அவர். பிறகு, அந்த ஆள் வருடம் தவறாமல் இங்கே வருவதாகவும், படையை விட்டுவிட்டு ஜித்ராவில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பதாகவும் சொன்னார். பெயர் ராஜன். தமிழன்தான்.

பாக் டின் எங்களுக்குக் கோப்பி வாங்கித் தருவதாகச் சொன்னார். அம்மா நன்றி சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்து அருகில் போனேன். அவள் அழவில்லை. கடலையும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இருந்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு, "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. அவருக்கு யாரு சொல்லப் போறா?" என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் சுங்கை பட்டாணி வந்ததும் அம்மா வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். நான் மூன்று பெண்களோடு வாடகைக்கு இருந்த வீட்டில் அன்று தங்கினோம். அம்மா என் கட்டிலில் படுக்காமல் தரையில் பாய் விரித்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும், "ஜித்ராவுக்கு எத்தன மணிக்கு பஸ்?" என்றாள்.

ஜித்ராவுக்கு அலோர் ஸ்டார் போய் மாற வேண்டும். சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் அறுபது கிலோமீட்டர். பழைய நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம், மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சாலை பீடோங்கைத் தாண்டித்தான் போகிறது. எங்கள் தோட்டத்து முனை வந்தபோது அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். குருண் தாண்டியதும் ரப்பர் மரங்கள் முடிந்து, கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். மழைத்தண்ணீர் தேங்கி நின்ற வயல்களில் கொக்குகள் அங்கங்கே நின்றன. மற்ற நாளாக இருந்தால் அழகு என்று எழுதியிருப்பேன்.

அலோர் ஸ்டாரிலிருந்து ஜித்ரா இருபது கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்த கடைக்கார மாமாவிடம் கேட்டேன். "ராஜன் பட்டறையா? பாசார் பின்னால லா. பச்சைக் கதவு. ஆனா அவன் ஜாஸ்தி பேச மாட்டான்மா" என்றார்.

பட்டறையில் ஒருவர் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இடது தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். லூர்துவுக்கு அம்மாவின் முகம் அப்படியே.

"லூர்து அம்மாங்களா?" என்றார்.

அம்மா தலையசைத்தாள். அவர் அவசரமாக இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அப்பா சொல்லி அனுப்பினாருங்களா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா நிதானமாகத்தான் கேட்டாள். "எந்த அப்பா?"

"லூர்து அப்பா. நான்தான் அப்பவே வந்தேனேம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து விட்ட மறு மாசமே பீடோங்குக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கோப்பிக் கடையில உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து உங்களப் பாக்கணும்னு கேட்டேன். அவருதான் வேணாம்னாரு. இனிமே இந்தப் பக்கம் வராதப்பான்னாரு."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவருகிட்ட என்ன சொன்னியோ, அத எனக்கும் சொல்லு."

ராஜன் பட்டறைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வந்து சொன்னார். அன்று காற்றே இல்லை. கடல் கண்ணாடிபோலத் தட்டையாக இருந்தது. அப்படி இருந்தால் மேலே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண் சரியாகச் சொல்லாது. பொழுது சாய்கிற நேரம் வேறு. கயிற்றை இறக்கலாம் என்று லூர்து கை காட்டிக்கொண்டிருந்தபோதே வால் பக்கம் தண்ணீரில் இடித்தது. ஹெலிகாப்டர் புரண்டது. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்ததால் பின்னால் நின்ற இவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் வரவில்லை.

லூர்துவின் கால் தொடைக்குக் கீழே உடைந்திருந்தது. ராஜனின் தோள் உடைந்திருந்தது. பிரிந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் இடுப்பு வாரைக் கோர்த்துக் கட்டிக்கொண்டார்கள். மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தெரிந்தன. கத்தினார்கள். விளக்குகள் வேறு பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

"ராத்திரி முழுக்கவா?" என்றேன் நான்.

"ஆமாக்கா. ஜெராய் மலை கறுப்பாத் தெரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. மலைக்கு அந்தாண்டதான் எங்க வீடு, அம்மா இப்ப ரப்பர் பால் வெட்டப் போக எந்திரிச்சிருப்பாங்கன்னான். அப்ப விடியப் போற நேரம். அதுக்கப்புறம் பேச்சு கொறஞ்சிருச்சு. தல சாஞ்சிருச்சு. கூப்பிட்டேன். கன்னத்துல அடிச்சேன். எனக்கும் ஒரு கைதான். அவன் பாரம் என்னயும் உள்ள இழுத்துச்சு." அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "வார நான்தான் அவுத்தேன்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, பாதி மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அம்மா கேட்டாள். "அப்ப அவன் செத்துட்டான்னு ஒனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றார் ராஜன். பிறகு, "தெரியும்னுதான் நெனக்கிறேன்" என்றார்.

அம்மா எழுந்தாள். கதவைத் தாண்டி வெளியே நடந்தாள். நான் அவள் பின்னால் ஓடினேன். மழை வலுத்திருந்தது. பேருந்து நிலையத்தில் நனைந்தபடி உட்கார்ந்தோம். அலோர் ஸ்டார் பேருந்து வந்தது. நான் எழுந்தேன்; அம்மா எழவில்லை. பேருந்து போய்விட்டது.

"செலின்" என்றாள். "அந்த ராஜனும் எவ்ளோ நேரம் கெடந்திருக்கான் அந்தத் தண்ணில."

அம்மா எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"வா, திரும்பிப் போலாம்."

பட்டறையில் ராஜன் நாங்கள் விட்டுவந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரில் போட்டுக்கொண்டாள். "ஒனக்கு அம்மா இருக்காங்களா?" என்றாள்.

"இல்லம்மா. சின்ன வயசுலயே போயிட்டாங்க."

"கல்யாணம்?"

"இல்லம்மா."

"சரி. நீ எப்படிப்பா இருக்க?"

அவர் எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். அம்மா அவர் முதுகில் கையை வைத்தாள். மழை விடும்வரை அப்படியே இருந்தோம். கிளம்பும்போது, "நவம்பர் ரெண்டு பீடோங் கோயிலுக்கு வா" என்றாள் அம்மா. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது மாலை ஆறு மணியைத் தாண்டிவிட்டது. அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஈரச் சேலையோடு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஜித்ரா போயிட்டு வந்தோம்."

அப்பா கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரே அடியில போயிட்டான்னு நெனச்சா நீ தூங்குவன்னு நெனச்சேன்."

"நான் தூங்குனேன்னு யாரு சொன்னா?" என்றாள் அம்மா. "நீங்க தூங்குனீங்களா?"

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து பல நாட்கள் அவரோடு பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேச மாட்டாள். நான் வார இறுதியில் வந்து பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிறிய வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடிக்காமல் சுற்றி நடந்துகொண்டிருப்பார்கள். ஆறு வருடம் அப்பா எப்படி இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. கடலில் என்ன நடந்தது என்று அம்மா ஆயிரம் விதமாக நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு அவர் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி அம்மாவே போய்ப் பாதிரியாரிடம் லூர்துவின் பெயரைக் கொடுத்தாள். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் மரச் சிலுவை ஒன்றை நட்டோம். கீழே புதைக்க எதுவும் இல்லை. பூசையில் "லூர்துசாமி" என்று வாசித்தபோது அப்பா முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். ராஜன் வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா மட்டும், "வருவான்" என்றாள்.

இனி, இந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்கு. நான் சொன்ன கட்டணங்கள் அந்தக் காலத்தவை; இன்று அந்தப் பழைய பேருந்துகளை நம்பிப் போகாதீர்கள். சுங்கை பட்டாணியிலிருந்து வாடகைக் கார் எடுத்தால் கோத்தா கோலா மூடாவுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். மீன் சந்தைக்கு நண்பகலை ஒட்டிப் போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கரை நிறைய மாறிவிட்டது. நாங்கள் நின்ற இடத்தை என்னாலேயே அடையாளம் காட்ட முடியவில்லை. மழைக்காலத்தில் சேறு முழங்கால்வரை வரும். முடிந்தால் சனவரி, பிப்ரவரியில் போங்கள். வயதானவர்களை அழைத்துப் போனால் ஒரே நாளில் கோலா மூடாவையும் ஜித்ராவையும் சேர்க்காதீர்கள். தூரம் ஒன்றுமில்லை, நூறு கிலோமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். ஆனால் நடுவில் ஓர் இரவு தேவைப்படும்.

சண்டையில் இறந்தவர்களுக்குப் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. பயிற்சியில் இறந்தவர்களைத் தேடிப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் பார்க்க ஒன்றும் இருக்காது. லூர்து விழுந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான், அப்பா சொன்னது சரி. அதனால் இடத்தைவிட ஆட்களைத் தேடுங்கள். கூடப் பறந்தவர்கள், தேடப் போன படகுக்காரர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் போகும்போது எப்படி இறந்தான் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் எழுந்து போகாதீர்கள். போய்விட்டாலும் திரும்பி வாருங்கள். வீட்டில் இருக்கிற இன்னொருவரிடம் எதை மறைக்கலாம், எதைச் சொல்லலாம் என்பதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

ராஜன் அடுத்த வருடம் வந்தார். அப்பாதான் பேருந்து நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தார். கல்லறையிலிருந்து திரும்பி, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, யாரும் எதிர்பார்க்காமல் அப்பா பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்குக் கோப்பிக் கடையில நீ சொன்னத நான் பாதிதான் கேட்டேன்ப்பா. காது அடச்சிருச்சு. இன்னொரு தடவ சொல்லு."

ராஜன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார், முதலிலிருந்து கடைசிவரை. அப்பா நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். விளக்கு எந்தப் பக்கம் தெரிந்தது, தண்ணீர் குளிர்ந்ததா, என்ன பேசினான். ராஜனுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. முகாமில் போட்ட சோற்றைத் திட்டினானாம். அடுத்த மாதச் சம்பளத்தில் அக்காவுக்குக் கைக்கடிகாரம் வாங்கணும் என்றானாம். கால் உடைந்தும் அவன் மிதந்ததைப் பார்த்து, இவ்வளவு நல்லா நீச்சல் எங்கடா கத்துக்கிட்ட என்று ராஜன் கேட்டிருக்கிறார்.

"தோட்டத்து ஆத்துல, அப்பாவுக்குத் தெரியாமன்னு சொன்னான்."

அப்பா முகம் சுருங்கியது. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஆற்றுப் பக்கம் போகவே அவர் விட்டதில்லை. "ஆத்துல எந்த எடத்துல?"

"அது தெரியலப்பா."

"பம்பு ஹவுஸ் பின்னால" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியும்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "நீ எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னா அடிப்பீங்க" என்றாள் அம்மா.